விசுவாசத்தின் பாத்திரங்கள்

பாமாவின் ‘கருக்கு’ பற்றி யாரிடமாவது பேசத் தொடங்கினால் பத்து நிமிடத்துக்குள் இரண்டு வாக்கியங்களில் ஒன்று வந்து விழும். முதலாவது, “தப்பு மனுசங்க மேலதான், மதத்து மேல இல்ல.” இரண்டாவது, “மதம்னாலே இப்படித்தான், எல்லாம் வேஷம்.” முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் விசுவாசியாக இருப்பார். இரண்டாவதைச் சொல்பவர் கொஞ்சம் பெரியாரையும் கொஞ்சம் மார்க்ஸையும் கேள்விப்பட்டவராக இருப்பார். இரண்டு பேருமே புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டார்கள் என்பது என் சந்தேகம். ஏனென்றால் ‘கருக்கு’ இந்த இரண்டு இடத்திலுமே நிற்கவில்லை.

இந்த வாக்கியங்களின் வசதி என்னவென்றால், அவற்றைச் சொன்ன பிறகு நாம் எதையும் பார்க்க வேண்டியதில்லை. மனிதர்களின் தப்பு என்றால் மதம் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கும். எல்லாமே வேஷம் என்றால் மனிதர்களைத் தனித்தனியாகக் கவனிக்கும் சிரமம் மிச்சம். இலக்கியத்தின் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை எதைச் சொல்லி மண்டியிடுகிறார், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாசலில் நிற்பவருக்குத் தண்ணீரை எப்படிக் கொடுக்கிறார் என்ற இரண்டையும் அது ஒரே பக்கத்தில் வைக்கிறது.

எல்லா மதத்திலும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் கிறிஸ்தவத்துக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். அந்த மதத்தின் மையச் சடங்கே ஒரு சாப்பாடு. ஒரு மேசை, அப்பம், திராட்சை ரசம், சுற்றி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். இரண்டாயிரம் வருடமாகத் திரும்பத் திரும்ப நிகழ்த்தப்படும் ஒரு பந்தி. அப்படியிருக்க, இந்த மதத்தைச் சேர்ந்தவர்கள் மற்ற மேசைகளில் யாரோடு உட்காருகிறார்கள், யாரை வாசலோடு நிறுத்துகிறார்கள் என்று கேட்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை. தமிழில் ‘பாத்திரம்’ என்றால் சட்டி பானையும்தான், கதைமாந்தரும்தான். கிறிஸ்தவ வாழ்க்கையைப் பேசும் நல்ல படைப்புகளில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுவதைப் பார்க்கலாம். யார் எந்தப் பாத்திரத்தில் சாப்பிடுகிறார் என்பதிலிருந்தே அந்தப் பாத்திரம் யார் என்று தெரிந்துவிடுகிறது.

*

முதலில் எளிமையான ஒரு கதை. தல்ஸ்தோய் 1885இல் எழுதிய, அன்பு இருக்கும் இடத்தில் கடவுள் இருக்கிறார் என்ற பொருள்படும் தலைப்புள்ள சிறுகதை. மார்ட்டின் ஒரு செருப்புத் தைப்பவர். நிலத்தடி அறையில் குடியிருக்கிறார். அவருடைய ஒரே சன்னலில் தெரிவதெல்லாம் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும். காலணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். அதில் பெரும்பாலானவை அவர் கையால் தைத்தவை, அல்லது பழுது பார்த்தவை. மனைவியும் குழந்தைகளும் இறந்துபோக, கடவுள் மேல் கசந்துபோன மனிதர். பிறகு நற்செய்தி நூலைப் படிக்க ஆரம்பிக்கிறார். ஒரு நாள் இரவு, நாளை தெருவைப் பார், நான் வருகிறேன் என்று ஒரு குரல் கேட்கிறது.

மறுநாள் கிறிஸ்து வரவில்லை. பனியை அள்ளிக்கொண்டிருக்கும் கிழவர் ஒருவர் வருகிறார், அவருக்குத் தேநீர் கிடைக்கிறது. கோடைத் துணியோடு குளிரில் நிற்கும் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் சூப்பும் பழைய மேலங்கியும் கிடைக்கின்றன. ஆப்பிள் விற்கும் கிழவிக்கும் அதைத் திருடிய பையனுக்கும் இடையே சமாதானம் நடக்கிறது. இரவில் அந்த மூன்று பேரின் உருவில் வந்தது தானே என்று குரல் சொல்கிறது.

இந்தக் கதையை நீதிக்கதை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் தல்ஸ்தோய் ஒரு விஷயத்தில் ரொம்பக் கறாராக இருக்கிறார். மார்ட்டினின் விசுவாசத்தைப் பற்றி அவர் எங்கேயும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தேநீர்க் குவளை எத்தனை முறை நிரப்பப்பட்டது, சால்வையை அடகிலிருந்து மீட்க எவ்வளவு காசு கொடுக்கப்பட்டது என்றுதான் சொல்கிறார். கதைக்குள் விசுவாசம் என்பது சூப்பின் சூடு, அங்கியின் கனம். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

விக்தர் ஹியூகோவும் இதைத்தான் செய்தார், பெரிய அளவில். 1862இல் வெளிவந்த அவருடைய நாவல் நமக்கு ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரில் சுத்தானந்த பாரதி வழியாகவும், 1950இல் வந்த தமிழ்ப் படத்தின் வழியாகவும் பழக்கம். ழான் வால்ழான் வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓட, காவலர்கள் பிடித்துக்கொண்டு வர, பிஷப் அவற்றைத் தானே கொடுத்ததாகச் சொல்லி, விட்டுப்போன வெள்ளி விளக்குத் தண்டுகளையும் எடுத்துக் கையில் கொடுக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தை விடவே மாட்டார்கள்.

ஆனால் ஹியூகோ அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் என்ன செய்கிறார் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. அவர் ஒரு கணக்கைக் காட்டுகிறார். பிஷப் மிரியேலின் ஆண்டு வருமானம் 15,000 லிவ்ர். அதில் அவருடைய சொந்தச் செலவுக்கு 1,000 மட்டும். மீதி எங்கெங்கே போகிறது என்று ஒரு பட்டியலையே நாவலுக்குள் ஒட்டி வைக்கிறார். பிஷப்பின் மாளிகை மருத்துவமனையாகிறது. நெருக்கடியான பழைய மருத்துவமனைக் கட்டடத்துக்கு அவர் குடிபோகிறார். இதையெல்லாம் படித்த பிறகுதான் விளக்குத் தண்டுகள் வருகின்றன. அதனால்தான் அந்தச் செயல் நமக்குத் திடீர் உணர்ச்சிவேகமாகத் தெரிவதில்லை. பல வருடமாகப் போட்டுவைத்த கணக்கின் இன்னொரு வரி, அவ்வளவுதான். திருடன் ஓடுவதற்கு முந்தைய இரவே அவனுக்கு மேசையில் வெள்ளித் தட்டு வைக்கப்பட்டுவிட்டது. அவனை மரியாதையாக விளித்துவிட்டார்கள். மன்னிப்பு காலையில் வருகிறது என்றாலும் அது தொடங்கியது இரவுச் சாப்பாட்டில்.

ஆக, ஒரு மனிதரின் நம்பிக்கையை அறிய அவருடைய உச்சமான தருணத்தைப் பார்க்காதே, வரவுசெலவைப் பார் என்று ஹியூகோ சொல்கிறார். என் தொழிலில் இதற்கு ஒரு பழக்கமான பெயர் உண்டு. கட்டடம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வரைபடம் இருக்கும். கட்டி முடித்த பிறகு, உண்மையில் என்ன கட்டப்பட்டது என்று அளந்து இன்னொரு வரைபடம் போடுவோம். ஆஸ்-பில்ட் என்போம். எங்கே மூலத்திலிருந்து விலகியதோ அங்கே சிவப்பு மையில் குறிக்க வேண்டும். தூண் ஒரு அடி தள்ளி நிற்கிறது என்றால் முதல் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தது என்று பேசிப் பயனில்லை. பாரம் இறங்குவது நிற்கிற தூணில்தான்.

மார்ட்டினும் மிரியேலும் இரண்டு வரைபடங்களும் ஒத்துப்போகும் அபூர்வமான இடங்கள். ஆனால் அவர்களிடம் ஒரு குறை இருக்கிறது. இரண்டு பேருமே தனி மனிதர்கள். ஏழை ஒருவர் ஒருவராகத்தான் அவர்களுடைய கதவைத் தட்டுகிறார். சன்னல் பக்கத்தில் நல்ல மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும், தெரு சரியாகிவிடும் என்ற ஒரு நிம்மதியைத் தல்ஸ்தோயின் கதை தருகிறது. தெருவே கோணலாக வெட்டப்பட்டிருந்தால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை. விருதுநகர்ப் பக்கம் போக வேண்டும்.

*

‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழு வருடம் இருந்துவிட்டு, வெளியே வந்த ஒரு பெண் எழுதியது. கதைசொல்லிக்குப் பெயர் இல்லை. நிகழ்ச்சிகள் காலவரிசையில் இல்லை. கிராமத்துப் பேச்சிலேயே முழுப் புத்தகமும் நடக்கிறது.

முதலில் வரும் பாத்திரங்கள் கிராமத்துப் பாத்திரங்கள். சேரியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து முதலாளியிடம் நீட்டுகிறார். பார்த்துக்கொண்டிருந்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று அண்ணன் விளக்கும்போதுதான் அவளுக்குச் சாதி என்பது புரிகிறது. பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்கிறார். அந்த வீட்டுப் பெண்கள் உயரத்திலிருந்து ஊற்றும் தண்ணீரைக் கைகளைக் குவித்து வாங்கிக் குடிக்கிறார். மிச்சச் சோற்றை வாங்கி வருகிறார். பேத்தி கேட்டால், இவர்கள் இல்லாவிட்டால் நாம் எப்படிப் பிழைப்பது என்கிறார்.

இதுவரை இது ஊர் வழக்கம். இதற்கும் சர்ச்சுக்கும் சம்பந்தம் இல்லை என்று அந்தச் சிறுமி நினைத்திருக்கலாம், நாமும் நினைக்கலாம். பாமா அந்த வசதியைப் பறிக்கும் இடம் தென்னைமரக் கதை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குட்டைத் தென்னையில் விளையாட, ஒரு பிஞ்சு விழுந்துவிடுகிறது. மறுநாள் எல்லோர் முன்னாலும் தலைமையாசிரியர் அவளைத் திருடி என்கிறார், சாதியைச் சொல்லித் திட்டுகிறார், வெளியே நிற்க வைக்கிறார். பிள்ளை அழுதுகொண்டே சாமியாரிடம் போகிறது. கிறிஸ்தவக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய நீதிமன்றம் ஏது? சாமியார் என்ன நடந்தது என்று விசாரிப்பதில்லை. சேரிப் பிள்ளைதானே, நீ செய்திருப்பாய் என்ற தொனியில் பேசிவிட்டுத்தான், மறுபடி வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சீட்டு எழுதித் தருகிறார்.

இந்தக் காட்சியில் என்னைத் தொந்தரவு செய்தது அந்தச் சீட்டு. சாமியார் கொடுமைக்காரர் இல்லை. கேட்ட உதவியைச் செய்துவிட்டார். பிள்ளை வகுப்புக்குத் திரும்பிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு நல்ல காரியம்கூட. மார்ட்டினும் கிழவருக்குத் தேநீர் கொடுத்தார், இவரும் சிறுமிக்குச் சீட்டுக் கொடுத்தார். ஆனால் மார்ட்டின் கிழவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். இவர் உதவியை உயரத்திலிருந்து ஊற்றினார். பாட்டியின் கைக்குள் விழுந்த தண்ணீரும் பேத்தியின் கைக்கு வந்த சீட்டும் ஒரே உயரத்திலிருந்துதான் விழுகின்றன. நாயக்கர் வீட்டு முற்றத்தில் இருந்த அந்த இடைவெளி, சர்ச்சின் அலுவலறைக்குள்ளும் அளவு மாறாமல் இருக்கிறது. பாமா இதை விளக்கிச் சொல்லவில்லை. இரண்டையும் நமக்குக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

பிறகு மடம். அவர் அங்கே சேர்ந்ததற்கே காரணம் நடத்தைதான். கன்னியர் நடத்தும் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது தலித் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதத்தைப் பார்க்கிறார். உள்ளே போனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று நம்புகிறார். உள்ளே போனால் வேறு காட்சி. ஏழ்மைக்கு வார்த்தைப்பாடு கொடுத்தவர்களின் சாப்பாட்டு மேசை வெளியில் இருக்கும் ஏழைகள் நினைத்துப் பார்க்க முடியாததாக இருக்கிறது. பள்ளிகள் வசதியானவர்களின் பிள்ளைகளுக்காக நடக்கின்றன. கூட்டிப் பெருக்குவதும் கழிவறை கழுவுவதும் யார் என்று பார்த்தால் மறுபடியும் அதே தெரு மக்கள். தலித் பெண்களைச் சில சபைகளில் சேர்த்துக்கொள்வதில்லை, அவர்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது என்று பயிற்சிக் காலத்தில் கேள்விப்படுகிறார். கிறிஸ்துவுக்கு மணவாட்டியாகப் போவதற்கும் தனி வரிசை.

இங்கேதான் ‘தப்பு மனுசங்க மேலதான்’ என்ற வாக்கியம் உடைகிறது. மடத்தில் கெட்டவர்கள் நிறைய இருந்தார்கள் என்று பாமா சொல்லவில்லை. அங்கே நேர அட்டவணை இருந்தது. செபம், தியானம், பள்ளி, சாப்பாடு, மறுபடி செபம் என்று ஒவ்வொரு நிமிடமும் நிரப்பப்பட்டிருந்தது. அந்த அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றும் நல்ல மனிதர்கள் எல்லாரும் சேர்ந்து அந்த அநீதியைச் சிரமமே இல்லாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள். தனி மனிதர் மோசமாக நடப்பது ஒரு விஷயம். நல்லபடியாக நடந்துகொண்டே மோசமான ஒன்றைத் தாங்கிப் பிடிக்கும்படி ஒரு ஏற்பாடு இருப்பது வேறு விஷயம்.

*

இந்த ஏற்பாடு என்ற சொல்லைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வடக்கன்குளம் சர்ச்சைப் பார்க்கலாம். திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. ஆ.சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இதன் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில், வேளாளக் கிறிஸ்தவர்களும் நாடார் கிறிஸ்தவர்களும் ஒன்றாக உட்கார முடியாது என்ற பிரச்சினைக்குத் தீர்வாக, கால்சட்டையின் இரண்டு கால்கள்போல இரண்டு கூடங்களைக் கட்டி, இரண்டும் பலிபீடத்தில் சேரும்படி வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பூசை வைக்கும் குருவுக்கு இரண்டு பக்கமும் தெரியும். கூடங்களில் இருப்பவர்களுக்கு அடுத்த கூடத்தில் இருப்பவர்கள் தெரிய மாட்டார்கள். எல்லோருக்கும் கடவுள் தெரிவார்.

பொறியியல் படித்தவனாக இதைப் பார்க்கும்போது ஒரு வகையில் வாயடைத்துப் போகிறேன். இப்படி ஒன்றைக் கட்ட எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்! யாரோ வரைந்திருக்கிறார்கள், யாரோ அளந்திருக்கிறார்கள், யாரோ கொத்துவேலை செய்திருக்கிறார்கள், யாரோ வந்து மந்திரித்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. சண்டை இல்லாமல் எல்லாரும் பூசை பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணமே போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருமார் அந்தப் பிரிவினையை எடுத்தபோது, எங்கள் உரிமை போயிற்று என்று வழக்கு நீதிமன்றம் வரை போனது. நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது இது. தடுப்பை நீக்கியதும் கிறிஸ்தவர்கள்தான், தடுப்பு வேண்டும் என்று வழக்குப் போட்டதும் கிறிஸ்தவர்கள்தான்.

‘கருக்கு’ எழுதப்படும் காலத்தில் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் சுவர்கள் குறைந்துவிட்டன. ஆனால் பாமா தன் ஊரைப் பற்றிச் சொல்லும்போது கல்லறைத் தோட்டம்கூடத் தனித்தனி என்கிறார். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் தனித்தனியாகப் புதைக்கப்படுகிறார்கள். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எந்தத் தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் எழுந்திருக்க வேண்டும் என்று யாராவது யோசித்திருப்பார்களா தெரியவில்லை.

*

சரி, இவ்வளவும் பார்த்த ஒருத்தி என்ன முடிவுக்கு வர வேண்டும்? எல்லாமே வேஷம் என்றுதானே? நானும் முதல் வாசிப்பில் அதைத்தான் எதிர்பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் அவர் கடவுளைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்துப் படித்தேன். அவர் போடவில்லை. மடத்தை விடுகிறார், இயேசுவை விடவில்லை. ஏழைகளின் பக்கம் நின்ற, அநீதியை எதிர்த்த இயேசுவைத் தான் படித்தபோது கண்டுகொண்டதாகவும், அந்த இயேசுவைப் பற்றித் தங்களுக்கு யாருமே சொல்லித்தரவில்லை என்றும் கோபப்படுகிறார். சொல்லித்தந்ததெல்லாம் பணிவு, பொறுமை, கீழ்ப்படிதல்.

இந்தக் கோபத்தின் திசையைக் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு அளவுகோலைக் கொண்டுவந்து அவர் சர்ச்சை அளக்கவில்லை. சர்ச் கையில் வைத்திருக்கும் அளவுகோலையே வாங்கி அதன் மேல் வைக்கிறார். புத்தகத்தின் தலைப்பே இதைச் சொல்கிறது. பனங்கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும். முன்னுரையில் பாமா இதை விவிலியத்தில் இறைவார்த்தைக்குச் சொல்லப்படும் இருபக்கமும் கருக்கான வாளோடு சேர்த்துப் பேசுகிறார். அதனால்தான் ‘எல்லாம் வேஷம்’ என்பவருக்கு இந்தப் புத்தகம் உதவாது. வேஷம் என்று சொல்வதற்கு முதலில் நிஜ முகம் என்று ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பாமாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அவருடைய வலியே அதிலிருந்துதான் வருகிறது. இயேசுவை நம்பாத ஒருவருக்கு மடத்தின் சாப்பாட்டு மேசை வெறும் சாப்பாட்டு மேசை. நம்பியவருக்கு அது துரோகம்.

இன்னொன்றும் உண்டு. இந்த நூலை எழுதச் சொல்லி அவரைத் தூண்டியவர்களில் ஒரு பாதிரியாரும் இருக்கிறார். நூலை முதலில் வெளியிட்டது மதுரையில் இருந்த சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம், இயேசு சபையோடு தொடர்புள்ள அமைப்பு. திருச்சபையை இவ்வளவு கடுமையாகக் கேள்வி கேட்ட புத்தகம் திருச்சபையின் ஒரு மூலையிலிருந்தே அச்சாகி வந்தது. அந்த மூலையில் இருந்தவர்கள் செய்ததும் ஒரு அன்றாட நடத்தைதான். எழுது என்று சொன்னார்கள், அச்சிட்டார்கள். சீட்டு எழுதிக்கொடுத்த சாமியாரையும் இவர்களையும் ஒரே கணக்கில் எழுத முடியாது. நடத்தையைப் பார்த்து நம்பிக்கையை எடை போடலாம் என்றால் எல்லா நடத்தையையும்தான் தராசில் வைக்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு என்று ஒரு தமிழ் இருக்கிறது. செபத்தில், பிரசங்கத்தில், வேதாகமத்தில் கேட்கும் தமிழ். அதற்கென்று ஒரு அழகும் உண்டு, ஒரு விறைப்பும் உண்டு. அந்தத் தமிழில் கடவுளோடு பேச நாம் குளித்து, வெள்ளை உடுத்தி நிற்க வேண்டும். பாமா கடவுளைப் பற்றியும் மடத்தைப் பற்றியும் தன் தெருவின் பேச்சிலேயே எழுதுகிறார். கொச்சை என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது வெறும் வட்டாரவழக்கு உத்தியாகத் தெரியவில்லை. சேரியின் பேச்சைப் பலிபீடம் வரை நடக்க விடுவது. வடக்கன்குளத்துச் சுவரை எடுத்த காரியத்தை அவர் மொழியில் செய்கிறார்.

*

இவ்வளவு சொன்னதால் ‘கருக்கு’ குறையே இல்லாத நூல் என்று ஆகாது. மடத்தைப் பற்றிய பகுதிகளில் அவர் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். கிராமத்துப் பகுதிகளில் நூலில் தொங்கும் பொட்டலம்போலக் கண்ணுக்கு முன்னால் நிற்கும் பொருள்கள் இருக்கின்றன. மடத்துப் பகுதிகளில் பல இடங்களில் பொருள்கள் போய்க் கருத்துகள் வந்துவிடுகின்றன. முக்கியமாக, ஒரு கன்னியாஸ்திரியின் முகமும் நமக்குத் தெரிவதில்லை. ‘அவர்கள்’ என்ற கூட்டமாகவே வருகிறார்கள். நிறுவனம்தான் அங்கே எதிராளி என்பதால் இது நியாயம்தான் என்று வாதாடலாம். ஆனால் வாசகனாக எனக்கு ஒருத்தி தேவைப்பட்டாள். தப்பு என்று தெரிந்தும் உள்ளேயே இருந்துவிட்ட ஒருத்தி. இரவில் தூக்கம் வராமல் படுத்திருந்து, காலையில் மணி அடித்ததும் எழுந்து செபத்துக்குப் போகிற ஒருத்தி. நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் தினமும் குடியிருப்பவள் அவள்தான். நம்மில் பெரும்பாலோர் பாமாவும் இல்லை, பிஷப் மிரியேலும் இல்லை. அந்தப் பெண்தான் நாம்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. அதில் வண்ணாத்தியான ஆரோக்கியம் பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகப் போய் ராச்சோறு எடுக்கிறாள். மகனைச் சாமியாராக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருக்கிறது. அவளுடைய பாத்திரத்தில் விழும் சோறு ஒடுக்கப்பட்ட இன்னொரு சாதியின் வீட்டிலிருந்து வருகிறது. கீழே நிற்பவருக்கும் கீழே ஒருவர் உண்டு என்பதை அந்த நாவல் காட்டியது, அதற்காகச் சர்ச்சைக்கும் உள்ளானது. நான் சொல்ல வருவது வேறு. ஆரோக்கியத்துக்கு முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது. கருத்தாக மாறாமல் கடைசிவரை மனுசியாகவே இருக்கிறாள். ‘கருக்கு’வின் மடத்தில் எனக்குக் கிடைக்காதது இதுதான்.

*

இந்த இரண்டு புத்தகங்களையும் மலேசியாவில் உட்கார்ந்து படிக்கும்போது, “இது அங்க உள்ள கதை, நமக்கென்ன” என்று கடந்துவிடலாம். நம் சர்ச்சுகளின் வரலாறு வேறு, கூடி வரும் மக்கள் வேறு. புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் திருவிழாவுக்குப் போனால் தமிழரும் சீனரும் வேறு இனத்தவரும் ஒரே மெழுகுவர்த்தி வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். நல்ல காட்சி. ஆனால் திருவிழா வருடத்துக்கு ஒருமுறை. ஹியூகோ கேட்ட கணக்கு மற்ற நாள்களுடையது. வேலைத்தளத்தில் வங்காளதேசத் தொழிலாளிக்குத் தண்ணீர்க் குவளை தனியா, ஒன்றா? வீட்டுவேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை உண்டா, அல்லது முதலாளி வீட்டார் பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாரா? இந்தக் கேள்விகள் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இல்லை. ஆனால் ஒரு பந்தியைத் தங்கள் நம்பிக்கையின் நடுவில் வைத்திருப்பவர்களிடம் இவற்றை முதலில் கேட்பதை மரியாதைக் குறைவாக நான் நினைக்கவில்லை. நீங்கள் சொல்வதை நாங்கள் நிஜமாகவே எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம்.

என் வாசிப்புக்கு எட்டியவரை, இந்த மண்ணின் தமிழ்ப் புனைவில் தோட்டத்து மாரியம்மனுக்குக் கிடைத்த பக்கங்களில் கால்வாசிகூடத் தோட்டத்துச் சர்ச்சுக்குக் கிடைக்கவில்லை. அங்கே செபம் சொல்லிக்கொடுத்தவர்கள், தேவாலயத்துக்குக் காசு சேர்த்தவர்கள், லயத்து வீட்டில் அந்தோணியார் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு மரம் சீவப் போனவர்கள் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், பக்கத்து வீட்டாரோடு என்னத்தைப் பகிர்ந்தார்கள், எதை மறைத்தார்கள், சம்பந்தம் பேசும்போது எதைக் கேட்டார்கள் என்பதெல்லாம் இன்னும் கதையாகாமல் கிடக்கிறது. எழுத வருகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு கோரிக்கை. பிரசங்கத்தில் ஆரம்பிக்காதீர்கள், பாவசங்கீர்த்தனத்திலும் ஆரம்பிக்காதீர்கள். அடுப்படியில் ஆரம்பியுங்கள். யார் யாருக்கு எந்தக் குவளையில் தேத்தண்ணி கொடுத்தார்கள், பிறகு அந்தக் குவளையை யார் கழுவினார்கள் என்று முதலில் எழுதுங்கள்.